நான்காவது கூவல்

தோழா,

இன்று காலை இழுப்பறையில் மூக்குக்கண்ணாடியைத் தேடினேன். கையில் அகப்பட்டது அந்த ஒலிநாடா. உறையின் ஓரங்கள் மஞ்சளேறிவிட்டன. "கரட்டடி கிரசர் தொறப்பு, புலவர் பேச்சு" என்று ஒலிபெருக்கிக் கடைக் காதர் பாய் தம் கோணல் எழுத்தில் எழுதியது மட்டும் அழியவில்லை. முகத்தருகே கொண்டுபோனால் நெடுநாள் பெட்டிக்குள் கிடந்த பொருளின் புழுங்கல் வாடை. அந்த வாடைக்குள் எனக்குக் கல்மாவு மணக்கிறது. வெடிமருந்தின் கார நெடி மணக்கிறது. நீ மணக்கிறாய்.

நீ போய்ப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இறந்தவர்க்கு எழுதுவோர் வழக்கமாக அமைதியாக உறங்குக என்று எழுதுவார்கள். நான் அப்படி எழுதமாட்டேன். நீ உறங்க வேண்டாம். நானும் உறங்கவில்லை. உன் சாவின்மேல் ஒரு பொய்யைப் போட்டு மூடிய மனிதனை நான் என்ன செய்தேன், இன்னும் என்ன செய்யப்போகிறேன் என்பதை உனக்குத் தெரிவிக்கவே இம்மடல்.

நாம் ஒரே பலகையில் உட்கார்ந்து படித்த நாள்களில் கரட்டடி ஓர் ஊரென்று சொல்லத்தக்கதன்று. சாணார்பட்டிக்குக் கிழக்கே மண்சாலை வளைகிற இடத்தில் நாற்பது வீடுகள். மேற்கே தொலைவில் நீலமாய்ச் சிறுமலை. ஊருக்குப் பின்னால் கவிழ்த்து வைத்த சால் போல ஒரு கற்கரடு. கடலை விளைந்தால் சோறு, விளையாவிட்டால் ஆடு. ஆட்டை ஓட்டிக்கொண்டு அய்யலூர்ச் சந்தைக்குப் போவதே நம் மக்கள் கண்ட வெளியுலகம்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பழனிப் பக்கத்திலிருந்து அந்த மனிதன் வந்தான். கரட்டைக் குத்தகைக்கு எடுத்து எல்லாருக்கும் முதலாளி ஆனான். துளைப்பொறிகள் வந்தன, சரக்குந்துகள் வந்தன. ஐந்தே ஆண்டுகளில் கரட்டடியில் மூன்று பரோட்டாக் கடைகள், ஒரு மிதிவண்டி வாடகைக் கடை, ஒரு கூடாரத் திரையரங்கு. ஒரு நாளைக்கு ஆறு முறை பேருந்து. கூரைகள் எல்லாம் ஓடாயின. கடை வாசலில் சிறுமலை வாழைப்பழம் குலைகுலையாய்த் தொங்கியது. அதுவரை அந்தப் பழத்தை நம்மவர்கள் கோயில் தட்டில்தான் பார்த்திருந்தார்கள். மறைக்க என்ன இருக்கிறது? "கல்லும் கனிந்து சோறு போடும் ஊர்" என்று மேடையில் முதன்முதலாகச் சொன்னவன் நான்தான். அந்த மனிதனை வள்ளல் என்று முதலில் அழைத்த வாயும் இதுவே.

நீ கரட்டில் வேட்டுக் கூவுபவன் ஆனாய். நிறையப் பேருக்கு இன்று அது என்ன வேலை என்றே தெரியாது. வெடி வைக்குமுன் கரட்டின் உச்சியில் சிவப்புக் கொடியோடு ஏறி நின்று, சுற்றியுள்ள உயிர்களையெல்லாம் விலகச் செய்கிற வேலை. மேலாளர் சங்கு வாங்கித் தருவதாகச் சொன்னார். நீ வேண்டாம் என்றாய். "சங்கு ஊதிட்டு நின்னுரும். நான் கூப்புட்டா, பதிலு வருதான்னு பாப்பேன்ல" என்றாய்.

மூன்று கூவல். அதுவே முறை. ஒருநாள் பரோட்டாக் கடை வாசலில் உட்கார்ந்து நீ எனக்கு அதை விளக்கினாய்.

"மொதக் கூப்பாடு ஆட்டுக்கு. அதுதான் நம்மள விட வெரசா ஓடும். ரெண்டாவது ஆளுக்கு. மூணாவது எனக்கு. மூணு முடிஞ்சாத்தான் நானும் ஒளியணும்னு எனக்கே ஞாபகம் வரும்."

"அதற்குப் பிறகு வெடிக்கலாமா?"

"ஏலே புலவரே, அவசரப்படாத. மூணு பக்கமும் ஆச்சு வரணும். மேக்க ஒரு ஆச்சு, தெக்க ஒரு ஆச்சு, கெழக்க ஒரு ஆச்சு. ஒண்ணு கொறஞ்சாலும் கொடி எறங்காது."

"ஆச்சு!" என்று வயலிலிருந்தும் சாலையிலிருந்தும் கிழக்குச் சரிவிலிருந்தும் குரல் வரும். ஒதுங்கியாகிவிட்டது என்று பொருள். மூன்றாவது ஆச்சு வந்தபின்தான் உன் கொடி இறங்கும். கொடி இறங்கினால்தான் வேட்டு. மூன்று வயல் தாண்டிக் கேட்கும் உன் குரலுக்குக் கரட்டடியே குனிந்தது. கேட்ட மாத்திரத்தில் பெண்கள் குடத்தை இறக்கிவைத்துச் சுவரோரம் ஒண்டுவார்கள். சவரக்கடையில் பாதி முகத்துக்கு நுரை பூசியவன் அப்படியே எழுந்து உள்ளே போவான். எந்த அரசனுடைய ஆணைக்கும் ஓர் ஊர் அப்படிக் கீழ்ப்படிந்திருக்குமா என்று நான் பொறாமைப்பட்டதுண்டு. ஆயிரம் பேர் கூடிய கூட்டத்தில் நான் இரண்டு மணி நேரம் முழங்கினாலும் ஒருவனைக் கூட எழுந்து நடக்கவைக்க என்னால் முடிந்ததில்லை.

அந்தப் பொறாமையில்தான் உன் கூவலைத் திருத்தப் புகுந்தேன். வெறும் "வேட்டேய்ய்" என்று கத்துவது பண்பாடன்று, முறையான தொடர் ஒன்று வேண்டும் என்றேன். எழுதியும் கொடுத்தேன். மறுநாள் பகல் ஒரு மணிக்கு, சாப்பாட்டு வேளை வேட்டுக்கு, நீ கரட்டில் ஏறி நின்று என் தாளைப் பார்த்துப் படித்தாய்: "பெருமக்களே! இன்னும் சற்று நேரத்தில் வெடி வெடிக்கவிருக்கிறது! அன்புகூர்ந்து விலகி நிற்பீர்!"

ஒருவரும் அசையவில்லை. கிழக்குச் சரிவில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த வெள்ளையம்மா இடுப்பில் கைவைத்து நின்று அண்ணாந்து பார்த்தார்.

"ஏப்பு, என்ன, அதுக்குள்ள எலெக்சன் வந்துருச்சா? யாருக்குப்பா ஓட்டுக் கேக்குற?"

"அக்கா, வேட்டுக்கா!"

"அத மொதல்லயே சொல்ல வேண்டியதுதான! பெருமக்கள் வேற எங்கயோ இருக்காகன்னுல்ல பாத்துக்கிட்டு இருந்தேன்!"

கரடு முழுக்கச் சிரித்தது. அன்று மாலை நீ அந்தத் தாளைச் சுருட்டி என் சட்டைப்பையில் செருகினாய். "உன் தமிழு மேடைக்கு அழகு புலவரே. உசுருக்கு ஆகாது" என்றாய். நானும் சிரித்தேன். அந்தச் சொல் எவ்வளவு பெரிய தீர்ப்பென்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

பிறகு அந்த நாள் வந்தது. கல்லை நொறுக்கிச் சல்லியாக்கும் பொறியைத் திறந்துவைக்கும் விழா. கரட்டுக்கு மேற்கே பள்ளித் திடலில் மேடை. சென்னையிலிருந்து ஒரு பெரிய மனிதர் வந்திருந்தார். அவர் மேடையிலிருந்தபடியே ஒரு பொத்தானை அழுத்த வேண்டும், கரட்டின் கிழக்கு முகத்தில் வேட்டு வெடிக்க வேண்டும், கூட்டம் கைதட்ட வேண்டும் என்பது முதலாளியின் ஏற்பாடு. பொத்தான் பெட்டிக்கு மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, நாடா சுற்றியிருந்தார்கள். நல்ல நேரம் பத்தரை மணியோடு முடிகிறது என்று யாரோ கணித்துக் கொடுத்திருந்தார்கள். வழக்கமான வேளை பகல் ஒரு மணி. வயலிலும் சரிவிலும் இருந்தவர்கள் அந்த ஒரு மணியை நம்பித்தான் தம் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

காலையிலிருந்து காதர் பாயின் குழல்கள் பாட்டைக் கக்கிக்கொண்டிருந்தன. நீ முதலாளியிடம் போய் நின்றதை என் கண்ணால் கண்டேன்.

"முதலாளி, நான் மேல ஏறயில ரேடியோ செட்ட நிப்பாட்டச் சொல்லுங்க. என் சத்தம் கீழ கேக்காது."

"ஏப்பா, விழா நடக்கறப்ப செட்ட நிறுத்துனா எப்படிங்க? இன்னிக்கு ஒரு நாளைக்கு நீ கத்தாம இருந்தா யாரும் செத்துப் போயிற மாட்டாங்க. கொடியக் காட்டு, போதும்."

நீ மேடைப் படிக்கு வந்தாய். நான் குறிப்புத் தாளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். என் முழங்கையைத் தொட்டாய்.

"புலவரே, நீ பேசயிலதான் நான் ஏறுவேன். என் கொடியப் பாத்ததும் செத்த நேரம் பேச்ச நிப்பாட்டு. மூணு கூப்பாடு, மூணு ஆச்சு, அம்புட்டுத்தான். பெறகு நீ விடியிற மட்டும் பேசு."

"சரி" என்றேன். தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னேன்.

அதன்பின் நடந்தது உனக்குத் தெரியும். தெரியாமலும் இருக்கலாம். நான் பேசினேன். கூட்டம் ஆர்ப்பரித்தது. முதுகுக்குப் பின்னால் படுதா. படுதாவுக்குப் பின்னால் கரடு. நான் திரும்பவேயில்லை. வேட்டு வெடித்தது. கைதட்டல் எழுந்தது. பொறி உறுமிக்கொண்டு ஓடத் தொடங்கியது. பாயசம் வழங்கப்பட்டது. அதை நானும் குடித்தேன். கிழக்குச் சரிவில் நீயும் வெள்ளையம்மாவும் கிடப்பதாக ஒருவன் மூச்சிரைக்க ஓடிவந்து சொன்னபோது என் கையில் காலிக் குவளை இருந்தது.

இரண்டு உயிர்கள். யாராவது பொறுப்பேற்க வேண்டும். முதலாளி உன்னைத் தேர்ந்தெடுத்தான், நீ மறுத்துப் பேசமாட்டாய் என்பதால். "அவன் குடித்திருந்தான், கூவவேயில்லை, கூவியிருந்தால் அந்த அம்மாள் விலகியிருப்பார்" என்று விசாரணைக்கு வந்த அலுவலரிடம் எழுதிக் கொடுத்தான். ஆமாம் என்று சொல்ல இரண்டு பேரை நிறுத்தினான். அதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. திடலில் கூடியிருந்த ஒருவராலும் உன் கூவலைக் கேட்டதாகச் சொல்ல முடியவில்லை. குழல்களின் அடியில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு எதுவும் கேட்டிருக்கவில்லை. உன்னை நேசித்தவர்கள்கூட வாய்மூடி நின்றார்கள்.

அலுவலர் என்னையும் கேட்டார். "நீங்கள் மேடையில் இருந்தீர்கள். கூவல் கேட்டதா?"

"கேட்கவில்லை" என்றேன்.

பேச்சை நிறுத்தும்படி நீ என்னிடம் கேட்டுக்கொண்டதை நான் சொல்லவில்லை. நான் ஒப்புக்கொண்டதையும் சொல்லவில்லை. பொய் சாட்சி சொன்ன அந்த இருவருக்கும் எனக்கும் உள்ள வேறுபாடு இலக்கணம் மட்டுமே.

வெள்ளையம்மாவின் கணவர் சின்னாண்டி உன் வீட்டு வாசலில் வந்து நின்று மண்ணை வாரித் தூற்றினார். "என் பொண்டாட்டியக் குடிச்சுப்புட்டுக் கொன்னவன் வீடு இது" என்று தெருவுக்கே கேட்கச் சொன்னார். அவர்மேல் எனக்கு ஒருநாளும் சினம் எழுந்ததில்லை. அவருக்குச் சொல்லப்பட்டதை அவர் நம்பினார். குழாயடியில் உன் மனைவி பஞ்சவர்ணம் குடத்தோடு போனால் மற்றப் பெண்கள் தத்தம் குடங்களை நகர்த்திக்கொண்டார்கள். உன் மகளைப் பள்ளியில் "கூவாதவன் மக" என்று அழைத்தார்கள். ஆறு மாதம் பொறுத்தாள் பஞ்சவர்ணம். பிறகு குழந்தையை இழுத்துக்கொண்டு திண்டுக்கல்லுக்கு வந்து நூற்பாலையில் சேர்ந்தாள். பேருந்து நிலையத்தில் ஒருநாள் என்னைப் பார்த்தாள். "அண்ணே, அவரு வேட்டு வைக்கிற அன்னைக்குச் சுண்டக்கஞ்சி கூடத் தொட மாட்டாருண்ணே. ஒங்களுக்குத் தெரியும்ல?" என்றாள். தெரியும் என்று தலையசைத்தேன். தலையசைப்பு எந்தக் கோப்பிலும் ஏறாது.

கரட்டடியின் கதையையும் கேள். அந்தப் பொறி நிற்காமல் நான்கு ஆண்டுகள் நொறுக்கியது. துவரஞ்செடியின் இலை வெண்மையாயிற்று. சோற்றில் மணல் நெறுநெறுத்தது. கரடு கரைந்து தரையானது. தரைக்குக் கீழும் தோண்டினார்கள். சுற்றுவட்டக் கிணறுகளின் நீரெல்லாம் அந்தக் குழியை நோக்கி வழிந்து ஓடிற்று. நம் கடலைக் காடுகள் காய்ந்தன. குழிக்குள் ஊற்று உடைத்துக்கொண்டபோது அந்த மனிதன் இறைக்கும் செலவைக் கணக்கிட்டான். வடக்கே வேறொரு கரட்டைப் பார்த்தான். ஏழே நாளில் பொறிகளைக் கழற்றி ஏற்றிக்கொண்டு போய்விட்டான். பரோட்டாக் கடைகள் ஒவ்வொன்றாய்க் கதவடைத்தன. மிதிவண்டிக் கடைக்காரர் வண்டிகளைப் பழைய இரும்புக்குப் போட்டார். ஆறு பேருந்து இரண்டாகி, இரண்டு ஒன்றாயிற்று. இளைஞர்கள் திருப்பூர் போனார்கள். இன்று கரடு இருந்த இடத்தில் கரடளவு ஆழம். அதில் பச்சை நீர். ஓர் ஊரை மேலே தூக்கிவிட்டுக் கீழே போட்டவன் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

இனி ஒலிநாடாவுக்கு வருகிறேன். காதர் பாய் கடையைக் கட்டியபோது தம்மிடமிருந்த என் பேச்சுகளையெல்லாம் ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்து தந்தார். "இனி எல்லாம் சீடிதான், புலவரய்யா. இந்தக் கேசட்டுகள யாரு கேக்கப் போறா, நீங்களே வச்சுக்கங்க" என்றார். அவற்றுள் இது இருந்தது. அந்த மனிதனை நான் புகழ்ந்த பேச்சைக் கேட்க எனக்கு வெட்கம். பல மாதம் தொடவில்லை. ஒருநாள் பிற்பகல், என்னை நானே தண்டித்துக்கொள்வதற்காகவே போட்டேன்.

கேட்டேன், தோழா. உன்னைக் கேட்டேன்.

உடனே காதர் பாயின் வீட்டுக்கு ஓடினேன். அவர் நினைவுகூர்ந்தார். குழல்களின் இரைச்சல் பதிவில் விழக்கூடாதென்று அன்று ஒலிப்பதிவுப் பெட்டியை மேடைக்குப் பின்னால், படுதாவுக்கு அப்பால், ஒரு முக்காலியில் வைத்திருந்தாராம். பெட்டியின் முகம் கரட்டைப் பார்த்திருந்தது. கூட்டத்துக்குக் கேட்காதது அதற்குக் கேட்டிருக்கிறது.

என் குரல் முன்னால் முழங்குகிறது. அதன் பின்னால், உயரத்திலிருந்து, உன் முதல் கூவல். இரண்டாவது கூவல். அந்த இடத்தில் என் குரல் சட்டென்று உயர்கிறது. ஏன் உயர்ந்தது? என் செவி உன்னைக் கேட்டிருக்கிறது. எவனோ குறுக்கிடுகிறான் என்று எண்ணி உன்மேல் ஏறிப் பேசியிருக்கிறேன். "கேட்கவில்லை" என்று நான் சொன்னதும் பொய்யே என்பதை அன்றுதான் அறிந்தேன். மூன்றாவது கூவல். தொலைவில் ஓர் ஆச்சு. இன்னோர் ஆச்சு. பதில் கொடுத்த அந்த இருவரும் விசாரணைக்கு முன்வரவேயில்லை. பிறகு நீ:

"பொறுங்கய்யா! கெழக்க ஆச்சு வரல! பொறுங்க!"

பெட்டிக்கு மிக அருகே மேலாளரின் குரல்: "முதலாளி, கொடி இன்னும் எறங்கல."

அதற்கும் அருகே, பதற்றமே இல்லாத இன்னொரு குரல்: "அவன் இறங்கறப்ப இறங்கட்டும். நல்ல நேரம் முடியுதுங்கல்ல? போடச் சொல்லுங்க."

பிறகு நான்காவது கூவல். முறையில் இல்லாத கூவல். அது விலகி விலகிக் கிழக்கே இறங்கிப் போகிறது. "வெள்ளையம்மாக்கா! யக்கா! ஓடியாக்கா!"

அதன்மேல் என் குரல்: "இருண்டு கிடந்த கரட்டடிக்கு ஒளியாய் வந்துதித்த வள்ளல்..."

வேட்டு. கைதட்டல்.

நீ ஒளிந்திருந்தால் பிழைத்திருப்பாய். மூன்றாவது கூவல் உனக்கு என்று நீயே சொன்னாய். நான்காவது யாருக்கு என்று சொல்லாமலே இறங்கிப் போய்விட்டாய்.

விண்ணப்பங்கள் எழுதினேன். பழைய வழக்கு, முடிந்த வழக்கு என்றார்கள். சரி, அவர்கள் மன்றம் வேண்டாம், எனக்கொரு மன்றம் இருக்கிறது என்று காத்திருந்தேன். நீ போன பத்தாம் ஆண்டில் அதற்கு வழி பிறந்தது. அந்த மனிதனுக்கு மணிவிழா. உள்ளாட்சித் தேர்தலில் நிற்கும் எண்ணமும் இருந்ததாம். தான் வாழவைத்த மக்களிடையே விழா எடுக்க வேண்டுமென்று கரட்டடிப் பள்ளித் திடலையே தேர்ந்தெடுத்தான். அவனுடைய மேலாளர் என் வீடு தேடி வந்தார். "புலவரய்யா பேச்சுன்னாத்தான் கூட்டம் வருமுங்க" என்றார். ஒப்புக்கொண்டேன். புன்னகையோடு ஒப்புக்கொண்டேன். ஒரே ஒரு வேண்டுகோள் வைத்தேன்: ஒலிபெருக்கி காதர் பாயுடையதாக இருக்கட்டும்.

பாய் தம் பழைய குழல்களைத் துடைத்து எடுத்துவந்தார். மேடைக்குக் கீழே அவரிடம் கேட்டேன்: "பாய், இதற்குப் பிறகு உங்களுக்குத் தொல்லை வரலாம். அச்சமா?"

"பொட்டிய அந்த எடத்துல வச்சதே நாந்தான புலவரய்யா. இத்தன வருசம் அது என் வீட்டுப் பரண்ல கெடந்துருக்கு. நெனச்சா எனக்குச் சோறு எறங்கல. வால்யூம் எம்புட்டு வைக்க? அத மட்டும் சொல்லுங்க."

முதல் வரிசையில் பட்டுத் துண்டோடு அந்த மனிதன். அவன் பக்கத்தில் மகன். பின்னால் கரட்டடியின் மிச்சம், ஓர் இருநூறு பேர். பெரும்பாலோர் நரைத்தவர்கள், பிரியாணி உண்டென்று சொல்லி அழைத்துவரப்பட்டவர்கள். ஓரத்தில் சின்னாண்டி. கடைசி வரிசையில் நான் அழைத்துவந்த பஞ்சவர்ணமும் உன் மகளும், முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு.

ஒலிவாங்கியைப் பிடித்தேன். எனக்கு நானே வைத்திருந்த முதல் அடியை முதலில் அடித்துக்கொண்டேன். "பத்து ஆண்டுகளுக்கு முன் இதே திடலில் ஒருவன் என்னிடம் சற்று நேர அமைதி கேட்டான். தருகிறேன் என்றேன். தரவில்லை. விசாரணையில் அதை மறைத்தேன். இன்று அந்த அமைதியைத் தருகிறேன்" என்று சொல்லிவிட்டு, ஒலிவாங்கியைக் கீழே வைத்தேன். பாய் பொத்தானை அழுத்தினார்.

என் பழைய முழக்கம் எழுந்தது. முதலாளி பெருமையோடு தலையாட்டினான். பிறகு குழல்களின் வழியே நீ வந்தாய்.

முதல் கூவலுக்கு எல்லாத் தலைகளும் கரடு இருந்த திசைக்குத் திரும்பின. அங்கே வானம் மட்டும் இருந்தது. இரண்டாவது கூவலுக்கு நாற்காலிகள் கிரீச்சிட்டன. மூன்றாவதில், தோழா, கரட்டடி எழுந்துவிட்டது. யாரும் யாருக்கும் சொல்லவில்லை. நரைத்தவர்களும் கோலூன்றியவர்களும் குழந்தையை இடுக்கியவர்களும் எழுந்து பள்ளிச் சுவருக்குப் பின்னால் போய்க் குனிந்து உட்கார்ந்தார்கள். அவர்கள் அறிவு மறந்திருக்கலாம், கால்கள் மறக்கவில்லை. பந்தலில் எஞ்சியவர்கள் இருவர், அந்த மனிதனும் அவன் மகனும். அவன் கால்களுக்கு அந்தக் கூவல் தெரியாது. அத்தனை ஆண்டுகளில் வேட்டு வேளையில் அவன் ஒருநாளும் கரட்டில் இருந்ததில்லை.

"ஏனுங்க, எல்லாரும் எங்க போறாங்க? என்னாச்சுங்க?" என்று மேலாளரைக் கேட்டான். அவரும் சுவரை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார்.

"பொறுங்கய்யா! கெழக்க ஆச்சு வரல!" என்றாய் நீ. அடுத்து அவன் குரல் வந்தது. காலி நாற்காலிகளின் மேல், அவன் மணிவிழாப் பந்தலின் கீழ், அவனுடைய சொந்தக் குரல்: "போடச் சொல்லுங்க."

நிறுத்து என்று மகன் கத்தினான். பாய் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வெள்ளையம்மாவின் பெயரைச் சொல்லி நீ கிழக்கே இறங்கிப் போனாய். வேட்டுச் சத்தத்துக்கு முன் நாடாவை நிறுத்தும்படி பாயிடம் நான் முன்பே சொல்லியிருந்தேன். அதை அந்த மக்கள் இன்னொரு முறை கேட்க வேண்டியதில்லை.

அமைதி. நான் உனக்குத் தரத் தவறிய அமைதி. சுவருக்குப் பின்னாலிருந்து சின்னாண்டி எழுந்தார்.

"ஆச்சு!" என்றார். கிழக்கே பார்த்து மறுபடியும் சொன்னார். "ஆச்சுப்பா! ஆச்சு! எறங்குப்பா நீ!"

பிறகு அவர் பஞ்சவர்ணத்தின் முன் போய் நின்றார். தம் தோளில் கிடந்த துண்டை எடுத்து அவள் காலடியில் போட்டார். அவள் அதைக் குனிந்து எடுத்து அவர் தோளிலேயே போட்டாள். உன் மகள், பள்ளியில் "கூவாதவன் மக" என்று அழைக்கப்பட்டவள், குழல்களைப் பார்த்தபடி நின்றாள். பத்து ஆண்டுகளுக்குப் பிறகு உன் குரலை அவள் மறுபடி கேட்டது அன்றுதான்.

அந்த மனிதனை யாரும் அடிக்கவில்லை. யாரும் வசைபாடவில்லை. அவனைக் கடந்து நடந்து போனார்கள். எட்டு அண்டாப் பிரியாணி. ஓர் அண்டாவின் மூடியும் திறக்கப்படவில்லை. பசித்த ஊர் அது. நண்பகல் வேளை. மணம் திடல் முழுக்கப் பரவியிருந்தது. ஒரு குழந்தை அண்டாவைக் காட்டிக் கேட்டதற்கு அதன் தாய் "அது நமக்கில்ல" என்று சொல்லி இழுத்துக்கொண்டு போனாள். என் வாழ்நாளில் நான் கேட்ட மிகச் சிறந்த சொற்பொழிவு அது.

இதனால் எல்லாம் முடிந்ததென்று எண்ணாதே. அவன் தேர்தலில் நிற்கவில்லை. ஆனால் நடமாடுகிறான், உண்கிறான், வடக்கே அவன் பொறி இன்னும் நொறுக்குகிறது. அதனால் என் பகையும் நொறுக்கிக்கொண்டுதான் இருக்கிறது. அவன் குத்தகைக்குக் கேட்கும் ஒவ்வொரு கரட்டின் அடிவாரத்துக்கும் அவனுக்கு முன்னே நானும் பாயும் போகிறோம். ஊரைக் கூட்டி, பாய் எடுத்துவைத்த நகல் நாடாவைப் போட்டு, உன் நான்கு கூவலையும் அவனுடைய ஒரு தொடரையும் ஒலிக்கவிடுகிறோம். இரண்டு ஊர்கள் இதுவரை அவனுக்குக் கரட்டைத் தர மறுத்துவிட்டன. அவன் சாகும்வரை, அல்லது நான் சாகும்வரை, உன் குரல் அவனைத் துரத்தும். இது நான் உனக்குத் தரும் உறுதி. இந்த முறை தாளைப் பார்த்துக்கொண்டு சொல்லவில்லை.

என் பங்குக்கான தண்டனையை மட்டும் நான் யாரிடமும் விட்டுவிடவில்லை. உன் இரண்டாவது கூவலுக்குச் சட்டென்று உயர்ந்த அந்தக் குரல் இன்னும் என் தொண்டையில்தான் இருக்கிறது. எந்த மேடையானாலும் இப்போது முதலில் படுதாவை அகற்றச் சொல்கிறேன். பேச்சு உச்சத்துக்கு ஏறி, கூட்டம் மூச்சைப் பிடித்து நிற்கிற இடத்தில் வாயை மூடிக்கொண்டு கிழக்கே திரும்பிப் பார்க்கிறேன். மூன்று ஆச்சு வருகிற அளவுக்கு அப்படியே நிற்கிறேன்.

கைதட்டலுக்காகக் காத்திருக்கிறேன் என்று நினைத்து அவர்கள் தட்டுகிறார்கள்.